வத்தல் காலத்து டிரெய்லர் வீடு

எங்கள் ஊரில் முதல் டிராக்டர் வாங்கியது என் வீட்டுக்காரரும் என் கொழுந்தனும் சேர்ந்துதான். முதுகுளத்தூரிலிருந்து உள்ளே தள்ளிக் கண்மாயை ஒட்டிய சின்ன ஊர். மழை கொடுத்தால் நெல், நெல் எடுத்த பிறகு மிளகாய். டிராக்டரோடு ஒரு இரண்டு சக்கர டிரெய்லரும் வந்தது. வயலுக்குக் குப்பை அடிக்கவும் செங்கல் ஏற்றவும் மூட்டை கொண்டுபோகவும் அதுதான். அந்த டிரெய்லரில் நானும் என் மூன்று பிள்ளைகளும் வருஷத்துக்கு ஒரு தடவை கடற்கரையில் குடியிருப்போம் என்று வாங்கும்போது யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் சின்ன மகளின் இருமல்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. மூத்தவள் நாலாவது படித்தாள், நடுவன் இரண்டாவது. மாசி மாதத்தில் சின்னவளுக்கு இருமல் தொடங்கியது. முதலில் சளி என்று நினைத்துத் துளசியும் தூதுவளையும் கொடுத்தேன். நிற்கவில்லை. பங்குனி பிறந்தபோது இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து, சாப்பிட்டதை அப்படியே கக்கிவிடுவாள். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. தூக்கினால் கையில் கனமே இருக்காது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் அவள் இருமத் தொடங்கினால் கையில் வைத்திருந்த வேலையைப் போட்டுவிட்டு அப்படியே நிற்பார். இருமல் நிற்கும்வரை அசைய மாட்டார். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். அவருடைய தங்கை சின்ன வயதிலேயே காசம் என்ற நெஞ்சு நோயில் செத்துப்போனவள். அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எனக்கே கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஊர்ப் பெண்கள் சொல்லித்தான் தெரியும்.

ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். குழாயை வைத்து முன்னும் பின்னும் வெகுநேரம் பார்த்தார். மருந்து எழுதினார்.

"ஒரு மாசம் இதக் குடுங்க. நிக்கலேன்னா மதுரைக்குப் போய் நெஞ்சப் படம் எடுத்துப் பாத்துரணும். அதுவரைக்கும் நல்ல காத்து வர்ற எடத்துல வச்சிருந்தா நல்லது. கடல் பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்களா?"

இருந்தார்கள். தேவிபட்டினத்தில் என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி இருந்தாள். நல்லவள்தான். மருந்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு சின்னவளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினோம். அக்கா மோர் கொடுத்தாள். சின்னவள் மடமடவென்று குடித்துவிட்டு இருமினாள். அந்த இருமலைக் கேட்டதும் அக்கா முகம் மாறிவிட்டது. டம்ளரைக் கையில் வாங்காமல், "அங்கன ஓரமா வச்சிரு தாயி" என்றாள். சாப்பாடெல்லாம் குறைவில்லாமல் போட்டாள். கிளம்பும் நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நெனச்சுக்கிராத. வீட்ல கைப்பிள்ள கெடக்கு" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. திரும்பி வரும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் சின்னவளை மடியிலிருந்து இறக்கவே இல்லை. கால் மரத்திருக்கும், நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது டிரெய்லரைக் கண்மாய்க்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார். தண்ணீரில் இறக்கி, வைக்கோலைப் பந்தாகச் சுருட்டித் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பலகை இடுக்குகளைக்கூட ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி எடுத்திருக்கிறார். பிறகு இரண்டு நாள் அதிலேயே கிடந்தார். மூங்கிலை வளைத்து நாலு இடத்தில் கட்டினார். உள்பக்கம் ஓலைப்பாய், அதன்மேல் தார்ப்பாய். வெறும் தார்ப்பாயைப் போட்டால் வெயிலுக்கு உள்ளே வெந்துவிடும் என்று அந்த ஏற்பாடு. இரண்டு பக்கமும் சுருட்டிக் கட்டுகிற மாதிரி சாக்குத் திரை வைத்தார். பின்னால் ஏறி இறங்கச் சின்ன ஏணி ஒன்று. முன்பக்கத்தில் சாமான் வைக்க ஒரு பலகைத் தட்டு.

"என்னங்க இது?" என்று கேட்டேன்.

"வீடு" என்றார். "ஒருத்தரு வீட்டு வாசல்ல போயி நிக்க வேணாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும். வாலிநோக்கத்துக்குப் போறோம்."

என் கொழுந்தன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "மதினி, அண்ணன் குப்பை வண்டியில குடும்பம் நடத்தப் போறாகளாக்கும்" என்று சிரித்தான். சிரித்தாலும், போகும்போது தன் வீட்டிலிருந்து புது ஜமுக்காளம் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போனவன் அவன்தான்.

சித்திரை தொடக்கத்தில் கிளம்பினோம். அரிசி, பருப்பு, புளி, இரண்டு குடம், சட்டிபானை, ஒரு கோழி. மூத்தவள் கோழியை மடியில் வைத்துக்கொண்டாள். நடுவன் ஏணிப்பக்கம் உட்கார்ந்து, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "இது எங்க வீடு, போகுது பாருங்க" என்று கத்திக்கொண்டே வந்தான். டிராக்டர் ஆடிய ஆட்டத்தில் சட்டிகள் மோதிக்கொள்ள, நான் ஒரு கையால் சட்டியையும் ஒரு கையால் சின்னவளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடலாடி தாண்டும்வரை அவள் இருமிக்கொண்டுதான் இருந்தாள். அதற்குப் பிறகு என் தொடையில் தலைவைத்துத் தூங்கிப்போனாள்.

வாலிநோக்கத்தில் கடல் வளைந்து உள்ளே வந்திருக்கும். அலை பெரிதாக இருக்காது. கரையை ஒட்டி ஒரு பனந்தோப்பு, அதன் கோடியில் ஒரு ஓட்டு வீடு. என் வீட்டுக்காரர் டிராக்டரை நிறுத்திவிட்டு, தோப்பு யாருடையது என்று கேட்டுக்கொண்டு போனார். அந்த வீட்டிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் வந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருப்பாள். ஊரே அவளை லாத்தா என்று கூப்பிட்டது. அக்கா என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவள் புருஷன் கொழும்பில் கடை வைத்திருந்தார். அவளும் அவளுடைய மாமியாரும் இரண்டு மகள்களும்தான் வீட்டில்.

தோப்பில் தங்கிக்கொள்ளலாமா என்று கேட்பதற்குள் சின்னவள் விழித்துக்கொண்டு இருமினாள். நான் சட்டென்று அவள் வாயைப் பொத்தினேன். பொத்தின கையை எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றேன்.

லாத்தா பார்த்தாள். "எதுக்கும்மா பொத்துறீங்க? மூச்சு முட்டும்ல. இருமிட்டுப் போகட்டும். இருமாத புள்ள எங்க இருக்கு?" என்றாள். பிறகு என் வீட்டுக்காரரிடம், "வண்டிய அந்த ரெண்டு மரத்துக்கு நடுவுல விடுங்க. மத்தியானத்துக்கு மேல கச்சான் காத்து அடிக்கும். வீட்டு மறைவு இருந்தா மண்ணு வாரி வீசாது" என்றாள்.

அவ்வளவுதான் அனுமதி. நான் ஏணியில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

டிராக்டரைக் கழற்றி எடுத்துவிட்டால் இரண்டு சக்கர டிரெய்லர் முன்னால் குடைசாயும். அதற்கு ஒரு பனந்துண்டை முட்டுக் கொடுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, நிலையாக நிறுத்தினார். பக்கத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு. அன்றைக்குக் கிடைத்தது நகரை மீன். கண்மாய்க் கெண்டையும் கருவாடும் தவிர வேறு தெரியாத பிள்ளைகள், குழம்பில் கிடந்த மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறகு முள்ளைக்கூட விடாமல் சாப்பிட்டார்கள்.

தண்ணீருக்கு ஊற்று. தோப்புக்குள்ளே மணலைத் தோண்டினால் கடலுக்கு இத்தனை பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறும். சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைய அரைப் பொழுதாகும். லாத்தாவின் மகள்களும் என் மூத்தவளும் அந்த ஊற்றைச் சுற்றி உட்கார்ந்து பேசிய பேச்சுக்கு அளவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வேலை சொன்னால் முணுமுணுக்கிறவள், அங்கே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தானாகக் கிளம்பிவிடுவாள்.

சின்னவளின் இருமல் குறைய ஆரம்பித்ததை நான் உடனே கவனிக்கவில்லை. கவனிக்கப் பயந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாள் மத்தியானம் அவள் அண்ணனோடு ஈர மணலில் நண்டு வளையைத் தோண்டிக்கொண்டிருந்தாள். நண்டு வெளியே வந்து ஓடியது. இருவரும் கூச்சல் போட்டுக்கொண்டு அதன் பின்னால் ஓடினார்கள். நான் அடுப்படியிலிருந்து எழுந்து நின்றேன். ஓடினால் அவளுக்கு இருமல் பொத்துக்கொண்டு வரும். இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. மூச்சு வாங்க என்னிடம் ஓடிவந்து, "ஆத்தா, பசிக்குது" என்றாள்.

பசிக்குது என்று அவள் சொல்லிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு ஊரில் கடைசி மிளகாய்ப் பறிப்பு கிடந்தது. கொழுந்தன் ஒருவனால் முடியாது. எங்களை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசில்லை. லாத்தாதான், "நான் இருக்கேன்ல, போயிட்டு வாங்க. கூப்பிட்டாக் கேக்குற தூரம்தானே" என்று அனுப்பினாள். போகும்போது அவரிடம், "வரும்போது உங்க ஊரு மொளகா வத்தல் கொண்டுவாங்க. எங்க ஆளுகளுக்கெல்லாம் வேணும். மீன் கொழம்புக்கு உங்க குண்டு வத்தல் மாதிரி வராது" என்றாள். அவர் டிராக்டரை மட்டும் ஓட்டிக்கொண்டு போனார்.

அவர் இல்லாத அந்த நாட்களில் சின்னவள் இருமவே இல்லை. காலையில் எழுந்ததும் ஒரு தடவை தொண்டையைச் செருமுவாள், அவ்வளவுதான். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. அவர் வந்து பார்க்கட்டும், அதுவரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். லாத்தாவுக்கும் அது தெரியும்போல. அவளும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் சின்னவளைக் கண்டால் தலையைத் தடவிவிட்டு, வாய்க்குள் ஏதோ ஓதுவாள்.

அவர் திரும்பி வந்தது ஒரு முற்பகலில். டிராக்டர் சத்தம் தூரத்தில் கேட்டதுமே மூன்று பிள்ளைகளும் ஓடினார்கள். இருக்கைக்குப் பின்னால் இரண்டு வத்தல் மூட்டைகளைக் கட்டி வைத்திருந்தார். சட்டை, தலைத்துண்டு எல்லாம் செம்புழுதி. எல்லாருக்கும் முன்னால் ஓடியவள் சின்னவள்தான். அவர் இறங்கிக் குனிந்து அவளை வாரி எடுத்தார். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நான் சிரித்துக்கொண்டே நடந்து போனேன். பாதி தூரத்தில் இருமல் கேட்டது.

முதலில் ஒன்று. பிறகு விடாமல். பழைய இருமல் அதேபோல. முகம் சிவந்து, கண்ணில் நீர் கொட்ட, அவர் தோளிலேயே கக்கினாள். அவர் அவளைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் செய்யத் தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் வாங்கி அவர் துண்டாலேயே அவள் வாயைத் துடைத்தேன். இன்னும் அதிகமானது.

டிரெய்லருக்குத் தூக்கிக்கொண்டுபோய் வெந்நீர் கொடுத்து, முதுகைத் தடவி, எப்படியோ அடக்கினேன். களைத்துப்போய்த் தூங்கிவிட்டாள். வெளியே வந்தால் அவர் ஒரு பனைமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லாயிருந்துச்சுங்க. நீங்க வாரதுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் இருமவே இல்ல" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "மறைக்காத" என்றார். "மனசத் தேத்துறதுக்குச் சொல்லாத. நாளைக்கே மதுரைக்குப் போவோம்."

எனக்கு அவரோடு பேசத் தெம்பில்லை. அழுக்கான துண்டையாவது அலசிப் போடுவோம் என்று எடுத்துக்கொண்டு ஊற்றுப் பக்கம் போனேன். உதறினேன். உதறினதும் எனக்கு அடுக்காகத் தும்மல் வந்தது. கண் எரிந்தது. துண்டை மூக்கருகே கொண்டுபோனேன். மிளகாய் நெடி. சுருக்கென்று உச்சிக்கு ஏறியது.

எங்கள் வீட்டில் மாசியிலிருந்து அந்த நெடி இருந்துகொண்டேதான் இருக்கும். வாசலை ஒட்டிக் களம். களம் முழுக்க வத்தல் காயும். காய்ந்ததை அள்ளி மூட்டை கட்டி உள்வீட்டில் அடுக்குவோம். அந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகள் படுப்பார்கள். அந்த நெடியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் மூக்குக்கு அது தெரியாது. கடற்கரையில் இத்தனை நாள் இருந்துவிட்டு மோந்து பார்த்ததால்தான் எனக்கே தும்மல் வந்தது.

நான் அப்படியே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, ஊற்றடியில் இருந்த மூத்தவள், "என்னாத்தா?" என்றாள்.

"தங்கச்சிக்கு இருமல் எப்பெப்ப வரும், சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை. "வத்தலுக்குக் காம்பு கிள்ளக் கூப்பிட்டா வரும்" என்றாள். "வேலைக்குக் கள்ளி. ஒக்காந்த ஒடனே இருமுவா. நீயும் 'போத்தா, போய்ப் படு'ன்னு அனுப்பிருவ. போன வருசமும் இப்படித்தான் செஞ்சா. அவ பங்கையும் நான்தான் கிள்ளுனேன்."

போன வருஷமும் அவளுக்கு இருமல் இருந்தது. இந்த அளவுக்கு இல்லை. ஆனியில், வத்தலெல்லாம் விற்று முடித்தபோது, தானாக நின்றுபோனது. மழைக்காலத்தில் எல்லாப் பிள்ளைகளையும்போல சளி பிடித்தபோதுகூட இப்படி இருமவில்லை. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. துண்டைப் போட்டுவிட்டு அவரிடம் ஓடினேன்.

"ஏங்க, இது நெஞ்சு நோயி இல்ல. மொளகா."

அவருக்கு முதலில் புரியவில்லை. மூச்சு வாங்கச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் தன் சட்டையைக் குனிந்து மோந்து பார்த்தார். எதுவும் தெரியவில்லை என்று தலையாட்டினார்.

"ஒங்களுக்குத் தெரியாதுங்க. நமக்கெல்லாம் தெரியாது. அவளுக்குத்தான் தெரியுது."

அவர் எழுந்தார். டிராக்டரிலிருந்து மூட்டைகளை அவிழ்த்து, ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி, லாத்தா வீட்டுக்கு அப்பால் இருந்த கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார். பிறகு நேராகக் கடலுக்குள் இறங்கினார். சட்டை வேட்டியோடு. முங்கி முங்கி எழுந்தார். மணலை அள்ளித் தலையைத் தேய்த்தார், கையைத் தேய்த்தார், சட்டையைக் கழற்றி அலசினார். கரையில் நின்று பார்த்த நடுவன், "அய்யா எதுக்கு சட்டையோட குளிக்கிறாக?" என்று என்னைக் கேட்டான். லாத்தாவின் மாமியார்கூட வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊற்றுத் தண்ணீரை நான் ஊற்ற, உப்புப் போகக் குளித்தார். மாற்று வேட்டியை நான் உதறி, மோந்து பார்த்துக் கொடுத்தேன்.

சின்னவள் விழித்துக்கொண்டு ஏணியில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவர் கொஞ்சம் தள்ளியே நின்றார். கட்டிய பெண்டாட்டியைப் பார்த்து அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படி உத்தரவு கேட்டதில்லை.

"இப்பப் போகலாமா?"

"போங்க."

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அவர் மடியில் ஏறினாள். ஈரத்தலையைத் தொட்டுப் பார்த்து, "அய்யா, நண்டு பிடிப்பமா?" என்றாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அவள் நண்டைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். எத்தனை கால், எப்படி ஓடும், அண்ணன் எப்படிப் பயந்தான். ஒரு இருமல் இல்லை.

அன்று சாயங்காலம் வரைக்கும் அவர் அவளை விட்டு நகரவில்லை. அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போனார். கடைசியில் அவளே அலுத்துப்போய், "நீங்க போயி ஆத்தாட்ட இருங்க" என்று விரட்டிவிட்டாள்.

பள்ளிக்கூடம் திறக்கும்வரை அங்கேயேதான் இருந்தோம். ஊருக்குப் போவதற்கு முன்னால் ராமநாதபுரம் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "இருக்கலாம்மா. சில பேருக்கு சில தூசி ஒத்துக்காது" என்றார். "ஆனாலும் ஒரு படம் எடுத்துப் பாத்துருங்க. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தோம். அங்கிருந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். "ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு. கூட்டிட்டுப் போங்க" என்றார். என் வீட்டுக்காரர், "என்னங்கய்யா?" என்று திரும்பக் கேட்டார். டாக்டர் திரும்பச் சொன்னார். வாசல்வரை வந்துவிட்டு இவர் மறுபடி உள்ளே போனார். மூன்றாவது தடவையும் அதையே கேட்டுவிட்டு வந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். சின்னவள் கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் அவர் முதல் தடவையாகத் தன் தங்கையைப் பற்றிப் பேசினார். அவளைத் தோட்டத்துக் கொட்டகையில் தனியாக வைத்திருந்தார்கள் என்றும், இவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவளோடு பேசுவார் என்றும், ஒருநாள் அவள் "உள்ள வாண்ணே" என்று கூப்பிட்டபோது அப்பா அடித்து இழுத்துக்கொண்டு போனார் என்றும் சொன்னார்.

"அவளுக்கும் இப்படி வேற எதாச்சும் இருந்திருக்குமோ?" என்றார்.

"அது நமக்குத் தெரியாதுங்க" என்றேன். "இவளுக்கு இல்ல. அத மட்டும் நெனைங்க."

துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். தோள் குலுங்கியது. சின்னவள் தின்ற மிட்டாயில் மிச்சத்தை அவர் கையில் வைத்து மூடினாள். பஸ்ஸில் ஏறியதும் தூங்கினவர்தான், பரமக்குடி வரும்வரை விழிக்கவில்லை. இத்தனை மாதமாக அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மிளகாயை விட்டுவிட முடியாது. எங்கள் பூமியில் நெல் ஏமாற்றினாலும் அது கைகொடுக்கும். அதனால் களத்தை மாற்றினோம். ஊருக்குக் கிழக்கே, தோட்டத்துக் கோடியில் புதுக்களம். மூட்டைகளுக்கு அங்கேயே ஒரு கொட்டகை. களத்துக்குப் போய்வந்தவர்கள் கிணற்றில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். கொழுந்தன் முதலில் முனகினான். பிறகு அவனே வாசலில் நின்று கூலியாட்களிடம், "குளிச்சியா? குளிக்காம வாசப்படி ஏறாத" என்று அதட்ட ஆரம்பித்தான்.

அப்படியும் காற்றடிக்கும் நாட்களில் ஊர் முழுக்க நெடி சுற்றும். எல்லார் வீட்டு வாசலிலும் வத்தல்தானே. அதனால் ஒவ்வொரு சித்திரையிலும் பரீட்சை முடிந்ததும் டிரெய்லருக்கு மூங்கிலும் தார்ப்பாயும் ஏறும். முதல் வருஷம் சிரித்த ஊர், மூன்றாவது வருஷம் தன் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போகச் சொன்னது. கொழுந்தன் பிள்ளைகளும் ஏறிக்கொண்டார்கள். ஒரு வருஷம் உப்பூர்ப் பக்கம் போய் வன்னிமரத்தடியில் தங்கினோம். அங்கே ஒரு மத்தியானம் சுழல்காற்று வந்து தார்ப்பாயைப் பிடுங்கிக் கடலில் போட்டது. மீன்பிடிக்கிறவர்கள் தோணியில் போய் எடுத்துவந்தார்கள். அதற்குள் நாங்கள் எல்லாரும் வெறும் மூங்கில் கூண்டுக்குள் உட்கார்ந்து வெயிலில் காய்ந்தோம். நடுவன் மட்டும், இனிமேல் இப்படியே இருக்கட்டும், வானம் தெரிகிறது என்றான். ஆனால் வாலிநோக்கம் போகாமல் ஒரு வருஷமும் விட்டதில்லை. லாத்தாவுக்கு வத்தல் கொண்டுபோவோம். தகர டப்பாவில் போட்டு, மூடியை மெழுகால் அடைத்து.

ராமேஸ்வரம் போனது சின்னவளுக்கு எட்டு வயதானபோது. மண்டபம் வரைக்கும்தான் டிராக்டர் போகும். அதற்கு மேல் கடலைத் தாண்ட அந்தக் காலத்தில் ரயிலைத் தவிர வழியில்லை. ஸ்டேஷனுக்குச் சற்று தள்ளி, உடைமரங்களுக்குள் டிரெய்லரை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, திரைகளை இழுத்துக் கட்டிவிட்டு, காலை ரயிலில் ஏறினோம். பாலத்தில் ரயில் ஊர்ந்து போனது. இரண்டு பக்கமும் தண்ணீர். கீழே பார்த்தால் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சின்னவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாம்பன் வரும்வரை காற்றில் வாயைத் திறந்துவைத்து ஏதோ கத்திக்கொண்டே வந்தாள். என்ன கத்துகிறாய் என்று கேட்டால், "சும்மா" என்றாள்.

கோவிலில் தீர்த்தம் ஆடி, சாமி கும்பிட்டு, மத்தியான ரயிலில் திரும்பினோம். பாம்பனில் ரயில் நின்றபோது காய்ந்த மீன் வாசம் பெட்டிக்குள் வந்தது. என் வீட்டுக்காரர் உடனே சின்னவளைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. அவள் அக்காவோடு ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் இறங்கி உடைமரங்களுக்குள் போனால், டிரெய்லர் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ உள்ளே இருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு திரையை விலக்கினார். வெள்ளாடுகள். ஏணியில் ஏறி உள்ளே போய், ஓலைப்பாயில் பாதியைத் தின்றுவிட்டு, கொழுந்தன் கொடுத்த ஜமுக்காளத்தில் சாவகாசமாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. விரட்டினால் இறங்கத் தெரியவில்லை. ஏறத் தெரிந்த ஆட்டுக்கு இறங்கத் தெரியாதா என்று அவர் அதட்ட, அவை அவரையே பார்த்தன. கடைசியில் நடுவன் உள்ளிருந்து தள்ள, அவர் கீழே நின்று ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினார். ஒரு குட்டியைச் சின்னவள் இறக்கவே விடவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கொடு தாயி, ஆட்டுக்காரன் தேடுவான்" என்றார் அவர்.

"தேடி வரட்டும், குடுக்குறேன்" என்றாள்.

நான் ஜமுக்காளத்தை உதறிப் போட்டுவிட்டு, அடுப்புக்குக் கல் தேடப் போனேன்.